ஜவுபரின் சிக்கனம்

சந்தூக்கில் சுமந்து சென்ற ஜனாஸாவின் பின்னால் ஊரே நடந்தது. ஜவுபர் மட்டும் ஓட்டோவில் வந்தார்.

மௌத்தானவர் அவருடைய சொந்த மச்சான். பள்ளிவாசலிலிருந்து அடக்கம் செய்யும் மையவாடி கூப்பிடு தூரம்தான்.

அடக்கம் முடிந்ததும் மிஹ்லார் அவரை மறித்தார். இருவரும் சாய்ந்தமருதில் ஒரே அணியில் பந்தடித்த கூட்டாளிகள்.

"மச்சான்ட சந்தூக்குக்குத் தோள் குடுக்க ஏலாதா ஒனக்கு? இடுப்பு மூட்டு மாத்தி வருசம் ஒண்டாகிட்டு. டொக்டர் நடக்கத்தானே சொன்னவர்?"

"ஓம், சொன்னார்." ஜவுபர் நிதானமாகச் சொன்னார். "ஆனா மூட்டுக்குள்ள குண்டு உருளுற கிண்ணம் பிளாஸ்டிக். அது வருசம் போய்த் தேயிறல்ல, பாவிக்கப் பாவிக்கத்தான் தேயும். பாரம் தூக்கினா இன்னும் கெதியாத் தேயும்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் ஓட்டோ."

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. பெருநாள் தொழுகைக்கும் இப்படித்தான். மீன் வாங்கக் கடற்கரைக்குக் கூப்பிட்டாலும் இப்படித்தான்.

"பிளாஸ்டிக்க அலுமாரியில வச்சிப் பூட்டச் சொல்லுங்க" என்று ஊரில் சிரித்தார்கள். மிஹ்லாருக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மறுநாள் காலையில் வீட்டுக்கே போனார்.

முன்கதவு திறந்திருந்தது. ஸலாம் சொல்லி வாசலில் நின்றார்.

"வஅலைக்கும் ஸலாம். இரி மிஹ்லார், வாறன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு மெதுவாக, "கைய என்ட கழுத்துல போடுங்க. ஓம், இப்ப எழும்புவம்."

ஜவுபர் மனைவியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். பாரிசவாதம் வந்து மர்ஷூதாவின் வலது பக்கம் விழுந்துபோனது மிஹ்லாருக்குத் தெரியும். அவள் தலைமுடியில் குளித்த ஈரம் காயாமல் இருந்தது. இடது கையால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜவுபர் அவளை வெயில் படும் கதிரையில் பக்குவமாக இருத்தினார்.

"ஆள் வச்சிப் பாக்கிறாய் எண்டுதான் நெனச்சன்" என்றார் மிஹ்லார்.

"வேற ஆக்கள் குளிப்பாட்ட இவ விரும்பல்ல."

"பாரம் தூக்கக் கூடாது எண்டு நீதானே சொன்னாய்?"

"ஓம். தூக்கினாத் தேயும்."

ஜவுபர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தேயிறதெண்டா இவவத் தூக்கித் தேயட்டும். ரோட்டுல நடந்து தேச்சிட்டு, நாளைக்கு இவவுக்கிட்ட ஏலாது எண்டு சொல்ல என்னால ஏலா."