பாடம் செய்த வீடு

"வாசல்ல எத்தனை படி?"

"ஏழு. அடிப்படி உடைஞ்சது."

"அரிசி டின்?"

"அடுப்புக்கு வலப்பக்கம்... இல்லை, இடம்."

"வலம்தாம்மா. முதல்ல சொன்னதாக்கும் சரி," என்றாள் ஆஷா.

அனந்தலக்ஷ்மி தாளை வாங்கி மறுபடியும் படித்தாள். எழுதியவள் லிங். அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தத் திருவனந்தபுரம் வலியசாலை வீட்டில் அவளோடு உண்டு உறங்கியவள். போன மாதம் இறந்துபோனாள்.

1962 சீனப் போரின்போது அசாமில் சீனக் குடும்பங்களைப் போலீஸ் பிடித்து முகாமுக்கு ஏற்றியது. தங்கள் வீட்டுக்கு வருமுன் குவோங் தன் ஆறு வயதுத் தங்கை லிங்கை அடுத்த வீட்டுப் பின்கதவில் விட்டுவிட்டு ஓடினான். அங்கே தேயிலை கம்பெனி குமாஸ்தா பிச்சுமணி, அவளைத் தன் மகள் அனந்தலக்ஷ்மியின் பக்கத்தில் படுக்கவைத்துப் போர்த்தினார். "ரெண்டும் என் பொண்ணுதான்," என்றார் போலீஸிடம். சீக்கிரமே வேலையை விட்டு, இருவரையும் இந்த ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார்.

லிங்கின் அண்ணனைத் தேடி ஆஷா இணையத்தில் போட்டிருந்த விவரத்துக்கு, லிங் இறந்த பிறகுதான் டொராண்டோவிலிருந்து பதில் வந்தது. 'நான் குவோங். படம் வேண்டாம், குரல் போதும். சில கேள்விகள் கேட்பேன்.'

கேள்வி அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். ஒரு காலத்தில் அமெரிக்கா சீனத் தொழிலாளிகளை உள்ளே விடாது. அங்கே குடியுரிமை பெற்றவரின் மகன் என்றால் விடும். அதனால் யாருக்கோ மகன் என்று காகிதம் வாங்கிப் போவார்கள். அதிகாரிகள், வீட்டுக்கு எத்தனை படி, அரிசி எந்தப் பக்கம் என்று துருவுவார்கள். கப்பலிலேயே பதில்களை மனப்பாடம் செய்துவிட்டுத் தாளைக் கடலில் எறிந்துவிடுவார்கள். லிங்கின் தாத்தா அப்படிச் சில வருஷம் வேறொருவர் மகனாக இருந்தவர்.

சாகுமுன் லிங்கும் தன் அசாம் வீட்டைப் பற்றி அப்படி ஒரு தாள் எழுதி அனந்தலக்ஷ்மியிடம் கொடுத்தாள். "அண்ணா கிடைச்சா நீதான் லிங். அவனுக்கு யாருமில்லேன்னு ஆயிடப்படாது."

"பொய்யாச்சே அம்மா?" என்றாள் ஆஷா.

"உன் தாத்தா போலீஸ்கிட்ட சொன்னது மட்டும் என்னவாம்?"

ஃபோன் அடித்தது. பாதி மறந்துபோன இந்தியில் பேசினார்கள்.

"எத்தனை படி?"

"ஏழு. அடிப்படி உடைஞ்சது."

"அரிசி?"

"அடுப்புக்கு வலப்பக்கம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "லிங்," என்றார் கிழவர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று பின்கதவில் குவோங் தங்கையின் கைக்குள் எதையோ திணித்ததை அனந்தலக்ஷ்மி பார்த்திருந்தாள். அது என்னவென்று லிங் கடைசிவரை சொல்லவே இல்லை.

"அண்ணா, பின்கதவுல என் கையில ஒண்ணு கொடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. மறுபடியும் புரண்டது.

"இதுல அது இல்லையேம்மா," என்றார் கிழவர். "முகாம்ல அவனுக்குப் பக்கத்துல படுத்திருந்தவன் நான். குவோங் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. தங்கச்சிக்கு யாருமில்லேன்னு ஆயிடக் கூடாதுன்னு, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துட்டுப் போனான்."