ராயம்மாளின் புண்

"ஆறுமா, ஆறாதா, இன்னைக்கு ஒரே முடிவாச் சொல்லிடுங்க சார்" என்றான் செபாஸ்தியான். "ஒன்றரை மாசமா எங்க வீட்ல சோறு வெந்ததைவிடக் கட்டுத்துணி வெந்ததுதான் அதிகம்."

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த இளையபெருமாள், மருந்துப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார்.

செபாஸ்தியானின் அம்மா ராயம்மாளுக்குக் களைக்கொத்து பட்டுப் பாதம் கிழிந்திருந்தது. முதல் மூன்று நாள் அவர்தான் போய்க் கட்டினார். பிறகு மருமகள் லில்லிக்குக் கட்டுப் போடக் கற்றுக் கொடுத்துவிட்டு வந்தார். இருபது நாளில் ஆறியிருக்க வேண்டிய புண்.

"நாளைக்குக் கடலை பிடுங்கணும். வானம் வேற இருட்டிக்கிட்டு நிக்குது. லில்லியைக் கூப்டா அம்மா விடமாட்டேங்குது. அது பக்கத்துல இல்லன்னா புண்ணு வலிக்குதாம்."

"லில்லி முழுகாம இருக்குதேப்பா."

"அஞ்சு மாசம்தானே? எங்கம்மா ஏழு பெத்துது சார். காலையில பெத்துட்டு சாயங்காலம் கொல்லைக்குக் களை வெட்ட வந்துடுமாம். அதே வாயாலதான் எத்தினி தடவை சொல்லியிருக்குது."

வீட்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து, "ஐயோ மாதாவே" என்று அலறல் வந்தது.

செபாஸ்தியான் வாசலிலேயே நின்று மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குகிற ஆள். ரத்தம், சீழ் என்றால் மட்டும் ஆகாது. முதல் நாள் இளையபெருமாள் புண்ணை அப்படியே விட்டுவிட்டு இவன் முகத்துக்குத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

ராயம்மாள் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தாள். லில்லி வெந்நீர்ச் சொம்போடு சுவரோரம் நின்றாள்.

இளையபெருமாள் கட்டை அவிழ்த்தார். துணி வந்துகொண்டே இருந்தது.

"இன்னாம்மா லில்லி, காலுக்குக் கட்டினியா, தேருக்குக் கட்டினியா?"

லில்லி தரையைப் பார்த்தாள்.

"ஐயோ, எரியுதே" என்றாள் ராயம்மாள்.

"நான் இன்னும் மருந்தே எடுக்கலையே."

"எடுக்கத்தானே போறீங்க?"

கடைசிச் சுற்றும் கழன்றது. வெளுத்த தழும்பு ஒன்று இருந்தது. அதன் மேல் மஞ்சளைக் குழைத்துத் தடவியிருந்தார்கள். அந்தக் காலோடு ராஜகிரி மலையை ஏறி இறங்கிவிட்டு, மறுபடியும் ஏறலாம்.

'புண்ணு பொய் சொல்லாது' என்பது இளையபெருமாள் எல்லா வீட்டிலும் சொல்லும் வாக்கியம். கோபம் தலைக்கேற, செபாஸ்தியானைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

ராயம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நோயாளிப் பிடி இல்லை அது.

"எதுக்கும்மா இந்த வேஷம்?" என்று குரலைத் தணித்துக் கேட்டார். "புள்ள ஒண்டியா கெடந்து அல்லாடறான். பெத்த கையோட கொல்லைக்கு ஓடினேன்னு பெருமை மட்டும் பேசத் தெரியுது."

"ஓடினேன். ஓடலன்னா என் மாமியார் சோறு போட மாட்டா. அதையே பெருமையாச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு." அவளும் கிசுகிசுத்தாள். "ஏழு பெத்தியான்னு வாயைப் பொளக்கறாங்களே, அதுல எத்தினி நிக்குதுன்னு ஒருத்தராவது கேட்டிருக்காங்களா?"

வாசல் பக்கம் முகத்தால் காட்டினாள். செபாஸ்தியான் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அது ஒன்னுதான் சார். மீதி ஆறும் கல்லறை வேலியோரம் கெடக்குதுங்க. ஞானஸ்நானம் குடுக்கக்கூட எதுவும் மிஞ்சல."

"இதை அவன்கிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னேன். அதெல்லாம் ஆண்டவர் எடுத்துக்கிட்டதுன்றான். ஆண்டவர் எங்க எடுத்தாரு? வயித்தைத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சு கெடந்த கடலைக் கொல்லை எடுத்துக்கிச்சு."

லில்லி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அவிழ்ந்து கிடந்த துணியைச் சுருட்டினாள்.

"முடிஞ்சுதா சார்?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"திரும்பாதே. பார்த்தா விழுந்துடுவே" என்றார் இளையபெருமாள். பெட்டியிலிருந்து புதுத்துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். லில்லி கட்டியதைவிட இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினார்.

"எப்பத்தான் சார் ஆறும்?"

இளையபெருமாள் லில்லியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசமா?"

"தினம் ரெண்டு வேளை கட்டணும். லில்லிதான் கட்டணும், வேற கை பட்டா சீழ் வெச்சுடும். கொல்லையில மண்ணு அளைஞ்ச கையோட வந்து தொட்டுச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும். கடலைக்கு சிங்கவரத்துலேர்ந்து ரெண்டு ஆளை நான் அனுப்பறேன், போ."

"அவ்ளோ மோசமாவா இருக்குது?" செபாஸ்தியானின் குரல் இறங்கிவிட்டது.

ராயம்மாள் அலற மறந்து, கண் கலங்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளையபெருமாள் முடிச்சை இறுக்கியபடி குனிந்து, அவள் காதோரம் சொன்னார்:

"கத்தும்மா."