மூன்றடி வளைவு

"என்ன தம்பி, இன்னிக்கும் பாதையை வளைச்சிட்டீங்களா?"

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் தனபாலன் இடுப்பில் கைவைத்து நின்றார். சுகுமாரன் கடைசி முளைக்குச்சியை அடித்து முடித்தான்.

தினமும் இதேதான். ஆறரைக்கு வேலையிடம். பூட்ஸை மாட்டுவது. குச்சிகளை எண்ணுவது. முந்தின மாலை தனபாலன் கயிறு பிடித்து நேராக்கிய இடத்தை மறுபடி வளைப்பது.

கோலசிலாங்கூரில் செம்பனை மரங்கள் நின்ற நிலத்தில் ஏரி வெட்டி, சுற்றிலும் நூற்றிருபது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வீடுகளுக்கும் ஏரிக்கும் நடுவே நடைபாதை. கரையோடு ஒழுங்காகப் போகும் பாதை, ஓர் இடத்தில் மட்டும் மூன்றடி வெளியே புடைத்துத் திரும்பியது.

"மப்புல நடந்தவன் போட்ட பாதை மாதிரி இருக்குலா," என்றார் தனபாலன். "பத்து மணிக்கு சிமெண்டு லோரி வந்துடும். ஊத்திட்டா அப்புறம் உடைக்கத்தான் முடியும். மேடமே வந்து சொல்லட்டும்."

"சொல்லட்டும் அண்ணே."

நிர்வாகி மோகனா ஒன்பதரைக்கு வந்தார். வரைபடத்தைக் காரின் மேல் விரித்தார்.

"பேப்பர்ல பாத்தப்போ கண்ணுல படல. ஏன் இந்த வளைவு, சுகு? வீடு வாங்குறவங்க கேட்டா என்ன சொல்றது?"

"மரம் வருது மேடம்."

"பிளான்ல அங்க மரமே இல்லையே."

"காத்து. அங்க காத்து நல்லா வரும்."

"மூணு அடி தள்ளி நின்னா மட்டுமா?" தனபாலன் சிரித்தார்.

சுகுமாரன் தன் பூட்ஸைப் பார்த்தான். "ரமணி போட்டது மேடம்."

தனபாலனின் சிரிப்பு நின்றது. ஏரிக்கரை, பாதை, மரங்கள் எல்லாவற்றையும் வரைந்தவள் ரமணி. சுகுமாரனின் மனைவி. எட்டு மாதத்துக்கு முன் சுங்கை பெசார் சாலையில் விபத்தில் இறந்துபோனாள். அவள் கையால் வரைந்து வைத்திருந்ததை, ஒரு கோடு மாற்றாமல், அவன்தான் கணினியில் ஏற்றினான்.

மோகனா வளைவு வரை நடந்தார். நின்றார். மெல்லத் திரும்பி வந்தார்.

"அந்த இடத்துல திரும்பும்போதுதான் ஏரி முழுசாத் தெரியுது. கவனிச்சீங்களா மண்டோர்?"

"அதைத்தான் மேடம் நானும் நெனச்சேன்," என்றார் தனபாலன், கொஞ்சமும் கூசாமல்.

"ரமணி காரணமில்லாம ஒரு கோடுகூட இழுக்கமாட்டா. அப்படியே இருக்கட்டும். அங்க ஒரு பெஞ்சும் போடுங்க."

லோரி வந்தது. கலவை இறங்கியது. "பாத்து ஊத்துங்க டிரைவர்!" என்று தனபாலன் கத்தினார். "அந்த வளைவு சும்மா வந்தது இல்ல, யோசிச்சுப் போட்டது!"

சுகுமாரன் கலவை இறுகும்வரை வெயிலில் நின்றான்.

எட்டு மாதத்துக்கு முன், அந்தக் கடைசிக் காலையில் தேநீரை மேசையில் வைக்கும்போது, வரைந்துகொண்டிருந்த அவளுடைய முழங்கையை அவன் இடித்துவிட்டான். பேனா சறுக்கியது. ரமணி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிச் சிரித்தாள்.

"என் பாதையையே கோணலாக்கிட்டீங்க. விடுங்க, சாயங்காலம் வந்து நேராக்கிடறேன்."