பாறை மேல ஏறி நின்ன ஜீப்பு

ஒரு ஜீப்பு இருந்துச்சு. கியரு தானா மாறுற ரகம். அதனால தனக்கு மூளையும் தானா வளந்துடுச்சுன்னு அதுக்கு நெனப்பு.

விடிஞ்சா மலையேத்தம். கியர் ஆயிலு கம்மின்னு தெரிஞ்சா ஷெட்டுலயே நிறுத்திடுவாங்க. ஜீப்பு என்ன பண்ணுச்சு தெரியுமா? பின்சக்கரத்த ஒரு பாறை மேல ஏத்திகிட்டு, மூக்கத் தாழ்த்தி நின்னுச்சு. கியர் பொட்டியில இருந்த கொஞ்சநஞ்ச ஆயிலும் முன்பக்கம், அளவு பாக்குற கம்பிகிட்ட ஓடி வந்துடுச்சு.

"கம்பித் தம்பி, ஃபுல்லுதான?"

"அண்ணே, சமதரையில நில்லுங்க. இஞ்சின ஓடவிட்டு, சூடானப்புறம் கேளுங்க."

"அடேங்கப்பா, டாக்டரு வந்துட்டாரு! 'நேரா நில்லுங்க, நாக்க நீட்டுங்க'ன்னு! எதுவரைக்கும் நனைஞ்சிருக்கு, அத மட்டும் சொல்லுடா."

"கழுத்து வரைக்கும்."

"அப்ப ஃபுல்லு!"

மறுநாளு பாதி மலையில ஜீப்போட மூக்கு மேல தூக்குச்சு. இருந்த ஆயிலு பூரா கியருக்கு எட்டாம பின்பக்கம் ஓடிடுச்சு. இஞ்சினு 'ஊஊஊ'ன்னு ஒப்பாரி வைக்குது, சக்கரம் நகரவே மாட்டேங்குது. கூட வந்த வண்டியெல்லாம் ஆரனடிச்சுகிட்டே தாண்டிப் போயிடுச்சுங்க. கடைசியில சாணி ஏத்திட்டு வந்த டிராக்டரு பாவம் பாத்து, கயிறு கட்டிக் கீழ இழுத்துகிட்டுப் போச்சு.

வழியில ஒரு ஆடு கேட்டுச்சு: "என்ன ஜீப்பண்ணே, கட்டி இழுக்குறாரா?"

"சேச்சே! டிராக்டருக்கு பிரேக்கு சரியில்ல. உருண்டுடப் போறான்னு, பின்னாடி கயித்தப் புடிச்சிகிட்டு வரேன்."