அட்டையின் மறுபக்கம்

தபால் அலுவலகத்தின் பார்சல் கவுண்டர் கண்ணாடியில் நான்காவது முறையாகத் தட்டுகிறார்கள். உள்ளே எழுத்தர் அம்மாள் வாயருகே கொண்டுபோன அவித்த முட்டையை மறுபடியும் டப்பாவிலேயே வைக்கிறாள். மின்விசிறிக் காற்றில் சோற்றுப் பருக்கைகள் விறைத்துக் கிடக்கின்றன. கண்ணாடியில் தொங்கும் அட்டை அவளைப் பார்த்து ‘உணவு இடைவேளை’ என்கிறது. சோறு ஒட்டிய விரலால் அதைக் காட்டிக் கத்துகிறாள்: “ஒரு வாய் நிம்மதியா திங்க விடுறீங்களா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? போர்டுல போட்டிருக்கிறத படிங்க!” வெளியே பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு நிற்கும் பெரியவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பொறுமையாகப் படிக்கிறார். “‘திறந்திருக்கிறது’ன்னு போட்டிருக்கும்மா.” பின்னால் வரிசையே தலையாட்டுகிறது. அவள் எழுந்து, பல்லைக் கடித்தபடி இடது கையால் அட்டையைத் திருப்புகிறாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. இடைவேளை முடிந்துவிட்டது. அட்டையைத் திரும்பவும் திருப்புகிறாள்.