தோணியின் பூர்வீகம்

ஏரிக்கரைத் தூணில் கட்டிக் கிடந்த பழைய மரத்தோணிக்குத் தன் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. தனக்கு எல்லாம் தெரியும் என்றது மீன்கொத்தி. தினமும் மாலையில் தோணியின் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

"ஐயா, நீங்க மலை உச்சியில நின்ன மரம். மேகமெல்லாம் உங்க கிளையிலதான் படுத்துத் தூங்கும்."

தோணி அசையாமல் கேட்டது. அதன் அடியில் ஒரு ஓட்டை. அதை அடைத்திருந்த தேங்காய் நார் மெல்லக் கூப்பிட்டது.

"அண்ணே, என் பிடி நழுவுது. தண்ணி உள்ளே வருது. தூண்ல ரெண்டு தடவை முட்டுங்க. சத்தம் கேட்டா படகோட்டி சந்தியாகு ஓடி வருவார்."

"சும்மா இரு. என்னை வெட்ட வந்த ராஜா இப்பதான் கோடாலியைக் கீழே போட்டுட்டுக் கும்பிடுறார்."

"இந்த மீன்கொத்தி பொறந்ததே போன மழைக்குத்தான் அண்ணே."

"தெரியாமலா இவ்வளவு அழகாச் சொல்லுது?"

"அசையாதீங்க ஐயா, கதை கலைஞ்சிடும்" என்றது மீன்கொத்தி.

மறுநாள் நார் கழன்று மிதந்து போய்விட்டது. அடுத்த சில மாலைகளில் தண்ணீர் பலகை பலகையாக ஏறியது. மலையும் மேகமும் ராஜாவும் அந்தத் தண்ணீருக்குள் ஆடுவதாகத் தோணிக்குத் தோன்றியது. விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தபோது, பொடிமீன்கள் கூட்டமாக உள்ளே வந்து மின்னின.

"அப்புறம்?" என்றது தோணி.

மீன்கொத்தியின் வாயில் மீன் இருந்தது.