மூன்றாவது ஜோடி

“இன்னாம்மா கம்ப்யூட்டர்ல வரையிறே? மூணாவது ஜோடியும் குத்துது!” கால்வலிக்காக ஷூவுக்குள் வைக்கும் இன்சோலை மேஜைமேல் வீசினார் ஆரோக்கியசாமி.

அம்பத்தூர் பட்டறையில் எல்லோரும் இன்சோலை வடிவமைத்த ரெனிதாவைத்தான் பார்த்தார்கள். ஆவடி கிளை அளவெடுத்து அனுப்பியிருந்த கால் ஸ்கேனை அவள் திரையில் மறுபடியும் பெரிதாக்கினாள். பாதத்தில் ஒரு குறையும் இல்லை.

“ஷூவைக் கழட்டுங்க சார்.”

கழற்றினார். பாதம் தட்டையாக, உள்பக்கம் சாய்ந்திருந்தது.

“சார், ஸ்கேன்ல இருக்கறது இந்தக் காலே இல்லையே!”

“அது என் மச்சான் காலு.”

“அவரை ஏன் சார் அனுப்பினீங்க?”

“என் காலு கோணலா கீது. அதை அளவெடுத்தா இன்சோலும் கோணலாத்தானே வரும்? அதான், நல்ல காலா பாத்து அனுப்சேன்!”